கையோடு ஊர் சுற்றிய டைப்ரைட்டர்!



தபால் தலை சேர்ப்பவர்களை உங்களுக்குத் தெரியும். பழைய நாணயம், தீப்பெட்டிப் படம் சேர்ப்பவர் உங்கள் வகுப்பிலேயே ஒருவராவது இருப்பார். டைப்ரைட்டர் சேர்ப்பவர்களைத் தெரியுமா? அதுவும் ஆபீஸ் மேஜையில் அசையாமல் உட்கார்ந்திருக்குமே, அந்தப் பெரிய டைப்ரைட்டர் அல்ல. கைப்பிடி வைத்த சிறு பெட்டிக்குள் அடங்கி, ரயிலிலும் கப்பலிலும் மனிதர்களோடு ஊர் சுற்றிய சின்ன டைப்ரைட்டர். 'போர்ட்டபிள்' என்று சொல்வார்கள். கையோடு எடுத்துச் செல்லக்கூடியது என்று பொருள்.

உங்கள் அம்மாவோ, அத்தையோ, பக்கத்து வீட்டு அண்ணனோ தட்டச்சுப் பயிலகத்தில் 'ஏ எஸ் டி எஃப்' என்று தட்டித் தட்டிப் பழகியிருப்பார்கள். லோயர் பாஸ், ஹையர் பாஸ் என்று சர்டிபிகேட்டும் வைத்திருப்பார்கள். அவர்கள் பழகியது பெரிய மெஷின். 15 கிலோவுக்குக் குறையாது. தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். அதையே மூன்று, நான்கு கிலோவுக்குச் சுருக்கினால் எப்படி இருக்கும்? அதைச் சுருக்கியவர்களின் கதையும், அவர்கள் செய்தவற்றைத் தேடிச் சேர்ப்பவர்களின் கதையும்தான் இந்த வாரம்.

முதலில், டைப்ரைட்டரையே பார்க்காதவர்களுக்காக இரண்டு வரி. ஒரு விசையை அழுத்தினால், நுனியில் எழுத்து வார்த்த ஒரு கம்பி எழும்பிப் போய், மை தோய்ந்த ரிப்பன் மேல் அடிக்கும். ரிப்பனுக்குப் பின்னால் ரோலரில் சுற்றிய தாள். தாளில் எழுத்து விழும்; ரோலர் ஓர் எழுத்து அளவு நகரும். வரி முடியப் போகிறது என்றால், 'டிங்' என்று ஒரு மணி அடிக்கும். அவ்வளவுதான். மின்சாரம் வேண்டாம், பேட்டரி வேண்டாம்.

பிளிக்கன்ஸ்டர்ஃபர்!

அமெரிக்காவில் ரெமிங்டன் நிறுவனம் 1874-ல் டைப்ரைட்டரை விற்கத் தொடங்கியது. அதற்குப் பிறகு வந்த மெஷின்கள் பெரும்பாலும் கனமானவை. விலை 100 டாலர் அளவில் இருந்தது. அந்தக் காலத்தில் அது சாதாரணக் குடும்பம் நினைத்துப் பார்க்க முடியாத பணம்.

ஜார்ஜ் பிளிக்கன்ஸ்டர்ஃபர் என்று ஒருவர். பெயரை ஒரே மூச்சில் சொல்லிப் பாருங்கள். முடியாவிட்டால் பரவாயில்லை, உலகமே அவர் மெஷினை 'பிளிக்' என்றுதான் கூப்பிட்டது. 1893-ல் சிகாகோ நகரில் பெரிய உலகக் கண்காட்சி நடந்தது. நம் சுவாமி விவேகானந்தர் சொற்பொழிவு ஆற்றினாரே, அந்தச் சர்வசமய மாநாடு இந்தக் கண்காட்சியை ஒட்டி நடந்ததுதான். அங்கே பிளிக்கன்ஸ்டர்ஃபர் தன் டைப்ரைட்டர்களைக் கொண்டுவந்து வைத்தார். பெரிய மாடலும் இருந்தது, 'பிளிக் 5' என்ற சின்ன மாடலும் இருந்தது. கூட்டம் சின்னதைத்தான் சூழ்ந்துகொண்டது.

ஏன் என்றால், அதில் எழுத்துக் கம்பிகளே இல்லை! எல்லா எழுத்தும் ஒரு சிறு உருளையைச் சுற்றிப் பொறிக்கப்பட்டிருந்தன. விசையை அழுத்தினால் உருளை சரேலென்று திரும்பி, வேண்டிய எழுத்தைத் தாளின் பக்கம் காட்டி, குனிந்து ஒரு முத்தம் கொடுக்கும். ரிப்பனும் கிடையாது. உருளை போகிற வழியில் மை தோய்ந்த சின்னக் கம்பளி உருண்டை ஒன்று அதைத் தொட்டு மை தடவி அனுப்பும். 28 விசைகளில் 84 எழுத்து, எண், குறிகள். வேறு வடிவ எழுத்து வேண்டுமா? உருளையைக் கழற்றி இன்னொன்றை மாட்டினால் போதும். பெரிய மெஷினில் இரண்டாயிரத்துக்கு மேல் பாகங்கள் என்றால், இதில் சுமார் 250 தான். பிறகு அலுமினியத்தில் செய்த மாடலுக்கு 'ஐந்து பவுண்டு காரியதரிசி' என்று விளம்பரம் செய்தார்கள். ஐந்து பவுண்டு என்றால் இரண்டேகால் கிலோ. உங்கள் புத்தகப் பையை நிறுத்துப் பாருங்கள். இதைவிடக் கனமாக இருக்கும்!

இன்னொரு வேடிக்கை. கம்ப்யூட்டர் விசைப்பலகையின் மேல் வரிசையில் 'க்யூ, டபிள்யூ, ஈ, ஆர், டி, ஒய்' என்று இருக்கிறதல்லவா? பிளிக்கன்ஸ்டர்ஃபருக்கு அந்த வரிசை பிடிக்கவில்லை. ஆங்கிலத்தில் அதிகம் வரும் எழுத்துகள் எவை என்று பார்த்து, 'டி, எச், ஐ, ஏ, டீ, ஈ, என், எஸ், ஓ, ஆர்' ஆகிய பத்து எழுத்துகளையும் விரலுக்குப் பக்கத்தில், கடைசி வரிசையில் வைத்தார். புத்திசாலித்தனமான ஏற்பாடுதான். ஆனால் ஊரெல்லாம் பழைய வரிசையில் பழகியாகிவிட்டது. 'எங்களுக்குப் பழையதே போதும்' என்றார்கள் வாங்குபவர்கள். கடைசியில் அவரே, கேட்டவர்களுக்குப் பழைய வரிசையிலும் செய்துகொடுக்க வேண்டியதாயிற்று. ஒருமுறை கை பழகிவிட்டால் மாற்றுவது எவ்வளவு கஷ்டம் என்பது எழுத்துப் பயிற்சி நோட்டு திருத்திய எனக்கு நன்றாகத் தெரியும்.

1902-ல் மின்சாரத்தில் ஓடும் பிளிக் ஒன்றையும் அவர் செய்தார். அது அவ்வளவாக விற்கவில்லை. அதனால்தான் இன்று உலகில் மிஞ்சியிருக்கும் சிலவற்றைத் தேடிச் சேகரிப்பாளர்கள் தவம் கிடக்கிறார்கள்.

மடக்குக் கத்தி போல...

அடுத்தது 'கொரோனா 3'. பெயரைக் கேட்டு முகத்தைச் சுளிக்காதீர்கள்! 'கொரோனா' என்றால் லத்தீனில் கிரீடம். நோய்க்கிருமிக்கு அந்தப் பெயர் வைப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, 1912-ல் இந்த மெஷினுக்கு வைத்துவிட்டார்கள். ரோலர் இருக்கும் பகுதியை அப்படியே முன்பக்கம் மடக்கி, விசைகள் மேல் படுக்க வைத்துவிடலாம். மடக்கினால் பாதியாகிவிடும். எடை மூன்று கிலோவுக்கும் குறைவு. முதல் உலகப் போரில் பத்திரிகை நிருபர்கள் இதைத் தூக்கிக்கொண்டு போர்முனைக்குப் போனார்கள். நோபல் பரிசு பெற்ற எழுத்தாளர் எர்னஸ்ட் ஹெமிங்வேயும் இளைஞராக இருந்தபோது கொரோனாவில் அடித்தவர்தான்.

இப்போது ஒரு கேள்வி. உங்கள் கையில் நூறு வயதான கொரோனா 3 ஒன்று கிடைக்கிறது. அது அரிய பொருளா, இல்லையா?

'நூறு வயது ஆச்சே, நிச்சயம் அரியதுதான்' என்று சொல்கிறீர்களா? பொறுங்கள். கணக்குப் போடுவோம். 1912 முதல் 1941 வரை 29 ஆண்டுகளில் சுமார் 7 லட்சம் மெஷின்கள் செய்தார்கள். ஏழு லட்சத்தை 29-ஆல் வகுத்தால் ஆண்டுக்குச் சுமார் 24 ஆயிரம். அதை 365-ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 66. அப்படிச் செய்து குவித்ததால் இன்றும் ஏராளமாகக் கிடைக்கிறது. பழையது வேறு, அரியது வேறு. சேகரிப்பில் இறங்குபவர்கள் முதலில் கற்றுக்கொள்ளும் பாடம் இதுதான். உங்கள் வீட்டு ஆட்டுக்கல்லுக்கு நூறு வயது இருக்கலாம். அதற்காக மியூசியத்தில் கேட்க மாட்டார்கள்!

அப்படியானால் எது அரியது? அதே கொரோனா பெயரில் 1930-களில் குழந்தைகளுக்கென்றே ஒரு போர்ட்டபிள் வந்தது. விசைகளில் எழுத்துக்குப் பக்கத்தில் விலங்குப் படங்கள் இருக்கும். கூடவே விரலில் போட்டுக்கொள்ள மோதிரங்கள் கொடுத்தார்கள். அவற்றிலும் விலங்குகள். முயல் மோதிரம் போட்ட விரல் முயல் விசையைத்தான் தொட வேண்டும் என்பது போல ஏற்பாடு. விளையாட்டாகவே எந்த விரலால் எந்த விசையை அடிப்பது என்று பழகிவிடும். என்ன அருமையான யோசனை! என்னைக் கேட்டால், டைப்ரைட்டர் உலகிலேயே நல்ல ஆசிரியர் இதைச் செய்தவர்தான் என்பேன்.

ஆனால் அப்போது அமெரிக்காவில் கடும் பொருளாதார நெருக்கடி. குழந்தை விளையாடுவதற்காக டைப்ரைட்டர் வாங்கித் தரப் பணம் வைத்திருந்த வீடுகள் குறைவு. வாங்கிய வீடுகளிலும் மோதிரங்கள் என்ன ஆகியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும். சோபா இடுக்கிலும் தோட்டத்து மண்ணிலும் போயிருக்கும். அதனால் மோதிரங்களோடு முழுசாக ஒன்று கிடைத்துவிட்டால் சேகரிப்பாளருக்குத் திருவிழாதான்.

விலை எதற்கு?

டாம் ஹாங்க்ஸ் என்ற ஹாலிவுட் நடிகரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1978-ல் அவர் இளைஞர். கிளீவ்லாந்து நகரில், தன்னிடம் இருந்த பிளாஸ்டிக் டைப்ரைட்டரைப் பழுதுபார்க்கக் கடைக்குக் கொண்டுபோனார். கடைக்காரப் பெரியவர், 'இது மெஷின் இல்லை தம்பி, பொம்மை' என்கிற மாதிரிச் சொல்லி, தொடவே மறுத்துவிட்டார். பிறகு சுவிட்சர்லாந்தில் செய்த 'ஹெர்மஸ் 2000' என்ற போர்ட்டபிளைக் காட்டி, அதை அவருக்கு விற்றார். அதில் பிடித்த பித்து, பின்னாளில் நூற்றுக்கும் மேற்பட்ட டைப்ரைட்டர்களைச் சேர்க்க வைத்தது. பிறகு பலவற்றை மற்றவர்களுக்கு அள்ளிக் கொடுத்தும்விட்டார். டைப்ரைட்டரை வைத்துச் சிறுகதைத் தொகுப்பு ஒன்றும் 2017-ல் வெளியிட்டார்.

இன்னொரு கதை கேளுங்கள். கார்மக் மெக்கார்த்தி என்ற அமெரிக்க எழுத்தாளர். இத்தாலியின் ஒலிவெட்டி கம்பெனி செய்த 'லெட்டெரா 32' என்ற போர்ட்டபிளை ஓர் அடகுக் கடையில் 50 டாலருக்கு வாங்கினார். சுமார் 50 ஆண்டுகள் அதிலேயே அடித்தார். மொத்தம் 50 லட்சம் சொற்கள் இருக்கும் என்று அவரே கணக்குச் சொல்லியிருக்கிறார். ரிப்பேர் என்று ஒருநாளும் கொடுத்ததில்லை. பெட்ரோல் பங்க்கில் காற்றடிக்கும் குழாயால் தூசியை ஊதுவதோடு சரி! 2009-ல் அந்த மெஷின் ஏலத்துக்கு வந்தது. எவ்வளவுக்குப் போனது தெரியுமா? 2,54,500 டாலர்! பணத்தை ஓர் ஆராய்ச்சி நிலையத்துக்குக் கொடுத்துவிட்டார். சரி, அவர் எழுதுவதற்கு மெஷின்? நண்பர் ஒருவர் அதே மாடலில் இன்னொன்றை வாங்கிக் கொடுத்தார். அதன் விலை 20 டாலருக்கும் குறைவு.

ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே இரும்பு. ஒன்று இரண்டரை லட்சம் டாலர், மற்றொன்று இருபதுக்குள். இரும்புக்குக் கொடுத்த விலை அல்ல அது என்று புரிகிறதா?

சினிமா கூட விலையை ஏற்றும். கிழக்கு ஜெர்மனியில் 'கோலிப்ரி' என்று ஒரு போர்ட்டபிள் செய்தார்கள். பூவில் தேன் குடிக்கும் மிகச்சிறு பறவையின் பெயர் அது. பெயருக்கேற்பத் தட்டையாக, தடித்த புத்தகம் போல இருக்கும். 2006-ல் வந்த ஒரு ஜெர்மன் படத்தில், அரசாங்கத்துக்குத் தெரியாமல் கட்டுரை எழுத வேண்டிய எழுத்தாளருக்கு இந்த மெஷினைத்தான் கடத்திக்கொண்டு வந்து கொடுப்பார்கள். அதை வாசற்படிப் பலகைக்குக் கீழே ஒளித்து வைப்பார். ஏன் ஒளிக்க வேண்டும்? தட்டச்சு செய்த தாளைப் பார்த்தே எந்த மெஷினில் அடித்தது என்று ரகசியப் போலீசார் கண்டுபிடித்துவிடுவார்கள்! ஒரு மெஷினில் 'ஈ' எழுத்தின் வயிறு அடைத்திருக்கும். இன்னொன்றில் 'டி' கொஞ்சம் சாய்ந்திருக்கும். நம் கையெழுத்து போலத்தான் அதுவும். அந்தப் படம் ஆஸ்கர் வாங்கியது. அதுவரை பெரிதாக யாரும் கவனிக்காத கோலிப்ரிக்கும் கிராக்கி வந்துவிட்டது.

வெட்டும் கத்தரிக்கோல்

இப்போது வருத்தமான செய்தி ஒன்று.

1940-களுக்கு முந்தைய போர்ட்டபிள்களின் விசைகள் அழகானவை. வட்டமான தாளில் எழுத்து அச்சிட்டு, அதன் மேல் கண்ணாடி மூடி, சுற்றிலும் பளபளக்கும் உலோக வளையம் போட்டிருப்பார்கள். அந்த அழகே அவற்றுக்கு எமனாகிவிட்டது. விசைகளை மட்டும் வெட்டியெடுத்து மோதிரம், வளையல், கம்மல் செய்து விற்பவர்கள் வெளிநாடுகளில் இருக்கிறார்கள். ஒரு மெஷினில் நாற்பது விசை இருந்தால், அத்தனைக்கும் தனித்தனி விலை. முழு மெஷினைவிட அதில் லாபம் அதிகம். விசை போன மெஷின் பல் பிடுங்கிய வாய் போல ஆகிவிடும். பிறகு பழைய இரும்புக்குத்தான் போகும். பிற்கால மெஷின்களின் பிளாஸ்டிக் விசையை யாரும் சீண்டுவதில்லை. ஆக, எது மிகப் பழையதோ, எது எண்ணிக்கையில் குறைந்ததோ, அதைத்தான் தேடிப் பிடித்து வெட்டுகிறார்கள். விலங்குப் படம் போட்ட விசைகளை விட்டுவைப்பார்களா, சொல்லுங்கள்! சேகரிப்பாளர்கள் இவர்களுக்கு 'விசை வெட்டிகள்' என்று பெயரே வைத்திருக்கிறார்கள்.

நம் ஊரில் கத்தரிக்கோல் பயம் அவ்வளவாக இல்லை. இங்கே தராசுதான் பயம். காயலான் கடையில் பிளிக்கும் ஒன்றுதான், ஓட்டை வாளியும் ஒன்றுதான், கிலோ கணக்குதான்.

தமிழ் பேசிய 'பிஜோ'

இதை நான் சும்மா சொல்லவில்லை. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் 'சைடல் அண்டு நௌமன்' என்று ஒரு கம்பெனி. தையல் மெஷின், சைக்கிள் எல்லாம் செய்தவர்கள். 1910-ல் ஒரு மடக்கு டைப்ரைட்டரைக் கொண்டுவந்தார்கள். கம்பெனியை நிறுவியவருடைய பேத்தியின் பெயரையே அதற்கு வைத்தார்கள்: 'எரிகா'. அதே மெஷினை வேறு நாடுகளில் விற்கும்போது 'பிஜோ' என்று பெயர் போட்டார்கள். பிரெஞ்சு மொழியில் நகை என்று பொருள்.

இந்தப் பிஜோ தமிழ் பேசியிருக்கிறது! பேச வைத்தவர் ஆர். முத்தையா. 1886-ல் யாழ்ப்பாணத்தை அடுத்த சுண்டிக்குளியில் பிறந்தவர். பிழைப்புக்காகக் கடல் கடந்து மலாயாவுக்குப் போய், சிங்கப்பூரில் வேலை பார்த்தவர். தமிழ்த் தட்டச்சின் தந்தை என்று இவரைத்தான் சொல்கிறோம். ஆங்கிலத்துக்கு 26 எழுத்து. நமக்கோ 247! இத்தனையையும் நாற்பத்துச் சொச்சம் விசைகளுக்குள் அடக்க வேண்டும். எப்படி அடக்கினார்?

'க', 'க்' இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? ஒரு புள்ளி. அப்படியானால் புள்ளிக்கு ஒரு விசை போதுமே! ஆனால் புள்ளியை அடித்ததும் ரோலர் நகர்ந்துவிட்டால், எழுத்து பக்கத்தில் போய் விழும். அதற்காகத்தான் 'நகரா விசை'. அதை அழுத்தினால் புள்ளி விழும், ரோலர் நகராது. அடுத்து அடிக்கும் எழுத்து அதே இடத்தில், புள்ளிக்குக் கீழே வந்து உட்காரும். அதற்குப் பிறகுதான் ரோலர் நகரும். பெரிய மெஷினுக்கு அமைத்ததோடு நிற்காமல் பிஜோ போர்ட்டபிளுக்கும் தமிழ் விசைகளை அமைத்தார் முத்தையா. ஜெர்மன் கம்பெனி அவற்றைச் செய்து கொடுத்தது. அலுவலகம் இல்லாத எழுத்தாளரும், பத்திரிகைக்காரரும் தமிழை மடியில் வைத்துத் தட்ட முடிந்தது.

ஆங்கில மெஷின்கள் லட்சக்கணக்கில் செய்யப்பட்டன. தமிழ் போர்ட்டபிளை உலகம் முழுவதும் வாங்கக்கூடியவர்கள் எத்தனை பேர்? அதனால் செய்ததே கொஞ்சம். அந்தக் கொஞ்சத்திலும் எத்தனை தராசில் ஏறினவோ! மேலே போட்ட கொரோனா கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். ஏழு லட்சத்தில் ஒன்றைத் தொலைத்தால் உலகத்துக்குத் தெரியாது. இதில் ஒன்று போனாலும் போனதுதான்.

எழுத்தாளர், பத்திரிகையாளர், வக்கீல், தமிழாசிரியர், இலங்கையிலோ மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ இருந்து திரும்பியவர் யாராவது உங்கள் குடும்பத்தில் முன்பு இருந்தார்களா? பெரியவர்களைக் கேளுங்கள். பரணில் கைப்பிடி வைத்த, அரை அடிக்குள் உயரமுள்ள ஒரு கறுப்புப் பெட்டி இருக்கலாம். தையல் பெட்டி என்று நினைத்துத் தள்ளி வைத்திருப்பார்கள். பெரியவர் ஒருவரைக் கூப்பிட்டு இறக்கச் சொல்லுங்கள். நீங்களே ஸ்டூல் போட்டு ஏறாதீர்கள்.

திறந்ததும் ஆளுக்கொரு விசையாகத் தட்டிப் பார்க்க ஆசை வரும். தட்டாதீர்கள். பல நாள் தூங்கிய மெஷின் அது. எண்ணெய் ஊற்றாதீர்கள். எல்லாரும் செய்வது இதைத்தான். தேங்காய் எண்ணெயைக்கூட விடுவார்கள்! எண்ணெயில் தூசி சேர்ந்தால் எழுத்துக் கம்பிகள் நகரும் பள்ளங்களில் பிசின் போல ஒட்டிக்கொள்ளும். காய்ந்த, மெல்லிய பெயின்ட் பிரஷ்ஷால் தூசியை மட்டும் தட்டுங்கள். துருப்பிடித்திருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டாம். பெயின்ட்டும் கம்பெனிப் பெயரும் போய்விடும்.

பிறகு ஒரு நோட்டை எடுங்கள். கம்பெனிப் பெயர், விசைகள் மூன்று வரிசையா நான்கு வரிசையா, விசைகளில் என்ன மொழி, எத்தனை விசை என்று எழுதுங்கள். அடிப்பக்கத்திலோ, ரோலர் நகரும் பாதைக்குக் கீழேயோ உலோகத்தில் குத்திய ஓர் எண் இருக்கும். அதுதான் மெஷினின் பிறப்புச் சான்றிதழ். எந்த எண் எந்த ஆண்டில் வந்தது என்று பல கம்பெனிகளுக்குச் சேகரிப்பாளர்கள் பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள். நான்கு பக்கமும் போட்டோ எடுங்கள். யாருடையது, எங்கே வாங்கினார், அதில் என்ன அடித்தார் என்று தாத்தா பாட்டியிடம் கேட்டு அதையும் எழுதுங்கள். பெட்டியின் மூலையில் சின்னச் சாவி, பல் துலக்கும் பிரஷ் மாதிரி ஒரு பிரஷ், தகரடப்பாவில் ரிப்பன், மடித்த ரசீது, பாதி அடித்த தாள் எது இருந்தாலும் குப்பை என்று எறியாமல் அதே பெட்டிக்குள் திரும்ப வையுங்கள்.